எண்ணெய் இறங்கிய மண்ணில் வேரின் எல்லை

எண்ணெய்க் கசிவால் மாசடைந்த நைஜீரியாவின் ஓகோனி நிலத்தைப் பற்றி ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையை வாசித்ததிலிருந்து, எண்ணெய் படிந்த மண்ணில் செடி நட்டால் போதும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை.

கச்சா எண்ணெய் மண்ணுக்குள் இறங்கும்போது துகள்களின் மேல் படிந்து, நீரும் காற்றும் புகும் வழிகளை அடைத்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் பல மடிய, எண்ணெயையே உண்டு வாழக்கூடிய சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. எண்ணெயில் கரிமம் (கார்பன்) மிகுதியாகவும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவாகவும் இருப்பதால், அவை தம் வளர்ச்சிக்கான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அங்கே முளைக்கும் பயிர் மஞ்சளாவதற்கு எண்ணெயின் நச்சுத்தன்மையோடு இந்தப் பட்டினியும் காரணம். இதனால்தான் தூய்மைப்படுத்துவோர் உரமிட்டு மண்ணைக் கிளறிவிடுகிறார்கள். அளவு மீறிய உரமோ அதே பாக்டீரியாக்களைத் தளர்த்திவிடும்.

செடிகள் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பகுதி வேலை வேரைச் சுற்றியுள்ள மெல்லிய மண்படலத்தில் நடக்கிறது: வேர் கசியவிடும் சர்க்கரையும் கரிம அமிலங்களும் நுண்ணுயிர்களை ஊட்டி வளர்க்க, வேர் துளைத்த வழியே காற்று உள்ளே செல்கிறது. அடர்ந்த வேருள்ள புற்கள் இதற்கு ஏற்றவை. பயறுவகைச் செடிகள் தம் வேர்முடிச்சுகளால் தழைச்சத்துக் குறையையும் ஓரளவு ஈடுசெய்யும். ஆயினும் வேர் எட்டும் ஆழம் வரையில்தான் இந்த உதவி கிடைக்கும்.

ஓகோனியில் ஆய்வாளர்கள் 49 இடங்களில் குறைந்தது 5 மீட்டர் ஆழத்திலும் எண்ணெயைக் கண்டார்கள். அங்கே வழக்கத்தில் இருந்த சீரமைப்போ மேல்மண்ணைக் கிளறி உரமிட்டு, எஞ்சியதை இயற்கையிடம் விடுவதாக இருந்தது. சீரமைப்பு முடிந்துவிட்டதாகப் பதிவான இடங்களில் 15 ஆராயப்பட்டபோது, அவற்றுள் 10 இடங்களில் மாசு அனுமதித்த அளவைத் தாண்டியே இருந்தது. நிசிசியோகென் ஓகலே ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் உலக சுகாதார அமைப்பின் வரம்பைப் போல் 900 மடங்குக்கும் மேல் இருந்தது.

எனவே மேலே புல் பச்சையாக வளர்வதைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்வது, கீழே உள்ள நீரைக் குடிப்பவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆழத்து மண்ணை அகழ்ந்தெடுத்துத் தனியே சுத்திகரித்து, நிலத்தடி நீரையும் சோதித்துச் சீராக்கிய பின், மேல்மண்ணில் எஞ்சும் மாசைப் புல்லிடமும் நுண்ணுயிர்களிடமும் ஒப்படைக்கலாம்.