உதிரிப் பழம்

"இந்தக் குச்சிக்கா தொள்ளாயிரம் வெள்ளி குடுத்த?" என்று அம்மா கேட்டார். நான்கு துண்டாகக் கழற்றி ஒரு குழாய்க்குள் போட்டுக்கொள்கிற தூண்டில் கம்பு அது. பூட்டினால் ஒன்பது அடி. கையில் பிடித்தால் ஒரு மாம்பழ எடைகூடத் தெரியாது. அப்பா காலத்தில் தோட்டத்துக் குட்டையில் விரால் பிடிக்க மூங்கில் குச்சியும் மண்புழுவும் போதும், இரண்டும் ஓசி. அதனால் அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. நூல் சுற்றும் ரீலின் விலையை நான் சொல்லவே இல்லை.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. வெளியூர்க்காரர்களுக்கு இது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். சரித்திரம் படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைச் சுட்டுக் கொன்று, நாட்டில் அவசரகாலம் வரக் காரணமான ஊர். மீனுக்காக இங்கே யாராவது வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானே ஷா ஆலாமில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எட்டிப் பார்க்கிற ஆள்தான்.

இந்த ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம் பிடித்தது நியூசிலாந்தில். மூன்று வருஷத்துக்கு முன் ஜூலையில், டவுப்போ ஏரியில் போய்ச் சேரும் டொங்காரிரோ ஆற்றில் ஒரு நாள் வழிகாட்டியோடு ட்ரவுட் மீன் பிடிக்கப் போனேன். அங்கே ஜூலை நடுக் குளிர்காலம். இடுப்பளவு தண்ணீரில் நின்றதில் கால் இரண்டும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ரெயின்போ ட்ரவுட் அந்த நாட்டு மீனே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலிபோர்னியாவிலிருந்து முட்டையாகக் கப்பலில் வந்தது. பிரேசில் ரப்பர் மரம் எங்கள் பக்கத்துக் கோலகங்சாருக்கு வந்த கதை மாதிரிதான்.

ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ இரையோ கனமாக இருக்கும், அது நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். இதில் தலைகீழ். முள்ளில் இறகும் முடியும் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டிய 'ஃப்ளை'க்கு எடையே கிடையாது, கனம் முழுக்க நூலில் இருக்கும். ட்ரவுட்டுக்குப் பரவலாகப் பிடிக்கும் ஐந்தாம் நம்பர் நூலில் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம். அதைக் காற்றில் முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீசி, நீட்டி, தண்ணீரில் இறக்க வேண்டும். சொல்ல எளிது. முதல் நாள் என் தொப்பியைத்தான் அதிகமாகப் பிடித்தேன்.

அந்த வழிகாட்டிக்கு அறுபதைத் தாண்டிய வயசு. அவர் ஆற்றைப் பற்றிப் பேசியதைவிட மாசத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். கோடையில் கரையோர மரங்களிலிருந்து சிள்வண்டு விழும், மீன் மேலே வந்து அடிக்கும். குளிர்காலத்தில் ஏரியிலிருந்து ட்ரவுட் முட்டையிட ஆற்றில் ஏறும். அப்போது உருண்டு வருகிற முட்டைகளைத் தின்னப் பின்னாலேயே வேறு ட்ரவுட் நிற்கும். அதற்கென்றே ஆரஞ்சு நிறக் கம்பளி உருண்டை ஒன்று, பட்டாணி அளவில், 'குளோபக்' என்று பெயர். கோடைக்கும் வசந்தத்துக்கும் அவர் சொன்ன விதி வேறு: ஃப்ளை தண்ணீரில் விழுகிற சத்தம் மீனுக்குக் கேட்கவே கூடாது. கரையில் புல் மேல் வீசச் சொல்லி அரை மணி நேரம் பழக்கினார். ஒரே ஒரு மீன் கிடைத்தது. மிச்சமிருந்த குளோபக் ஐந்தாறை ஞாபகத்துக்கு என்று டப்பியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் கேள்வி எழுந்தது. நம் ஆற்றில் ட்ரவுட் கிடையாது, அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சரி, நம் ஆற்றில் என்ன இருக்கிறது? கெலா இருக்கிறது. இந்தியாவில் மஹ்சீர் என்கிறார்களே, அந்தக் குடும்பம். கூடவே செபாராவ், தெங்காஸ். கோலாலம்பூரில் இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்யும் ஓர் ஆளிடம் முதலில் முன்பணம் கட்டினேன். காட்டில் லைன் கிடைக்காது என்று சொன்னவர், அப்புறம் நகரத்திலேயே லைனில் கிடைக்கவில்லை. மச்சான்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்து லாசாவில் தெமியார் இளைஞர் ஒருவரைத் தெரியும் என்று அழைத்துப் போனார். தெமியார் என்றால் இந்தக் காட்டின் ஓராங் அஸ்லி, பூர்வகுடி. பிளஸ் ஆற்றில் வந்து சேர்கிற கிளையாறு ஒன்றுதான் அவருடைய இடம். அதன் பெயரை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதல் பயணம் பிப்ரவரியில். நம் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும். ஊர்த் தலைவரிடம் சொல்லி, வன இலாகா அனுமதி வாங்கி, மச்சானின் ஹைலக்ஸில் எல்பில் பக்கமாகப் போனோம். 1948இல் முதல் கொலை நடந்த தோட்டம் அதுதான். சடக்கின் இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. என் சின்ன வயசில் பாதிக்கு மேல் ரப்பர் மரமாக இருந்த இடம். தார்ச் சடக்கு முடிந்து மண் பாதையில் எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தது. அதற்கு ஒதுங்கி நின்றதில் ஹைலக்ஸ் கால்வாயில் இறங்கி, முக்கால் மணி நேரம் போனது. பிறகு நடை. அட்டைக் கடிக் கணக்கு: மச்சானுக்கு நாலு, எனக்குப் பதினொன்று, வழிகாட்டிக்கு ஒன்றுமில்லை.

தண்ணீர் கண்ணாடி. ஒரு மடுவின் ஓரத்தில் கெலா மூன்று நின்றது நன்றாகவே தெரிந்தது. முதுகு பச்சை கலந்த கறுப்பு, திரும்பும்போது பக்கவாட்டில் செதில் செம்பு மாதிரி மின்னும். நியூசிலாந்துக்காரர் சொன்னபடி இறகு விழுகிற மாதிரிப் பூச்சியை இறக்கினேன். ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஃப்ளை மாற்றினேன். மதியத்துக்கு மேல் கோபத்தில் குட்டிமீன் மாதிரிக் கட்டியதைப் பாறை இடுக்கில் வேகமாக இழுத்தபோது செபாராவ் ஒன்று பாய்ந்து பிடித்தது. முதுகுத் துடுப்புக்குக் கீழே குறுக்கே கறுப்புப் பட்டை, முரட்டு வாய். அது சின்ன மீனைத் தின்கிற மீன், அதற்கு நாசூக்கு தேவையில்லை.

வழிகாட்டி அதுவரை பாறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயசு இளையவர். இந்த நாட்டில் எல்லோரும் தமிழனைக் கூப்பிடுகிற மாதிரி "அனே", அதாவது அண்ணே என்றுதான் கூப்பிட்டார். என் ஃப்ளை டப்பியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். டொங்காரிரோ குளோபக்கை எடுத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"அனே, இது சாவிட். ஆனா குட்டி சாவிட்."

கெலா சாவிட்டுக்கு, அதாவது செம்பனைப் பழத்துக்கு அலையும் என்பது மலாய்த் தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முள்ளில் பழத்தைக் குத்திப் போடுவார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. செம்பனைக் காட்டிலேயே வளர்ந்தவனுக்கு. "இந்த மீன் பூச்சியைப் பார்க்காது, மரத்தைப் பார்க்கும்," என்றார் அவர். கரையில் ஆரா மரம் சாய்ந்திருக்கும் இடத்தையெல்லாம் காட்டினார். ஆரா என்றால் நம் அத்தி. பழம் 'தொப்' என்று விழும் சத்தத்துக்கே கெலா வரும். பழனத்து வாளை விழுந்த மாம்பழத்தைக் கவ்வும் என்று ஆறாம் படிவத்தில் தமிழ் வாத்தியார் பாட்டு நடத்தியது அந்தப் பாறையில் வைத்து ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதைப் பரீட்சைக்குத்தான் படித்தேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு வந்தபோது சமையலறை மேசையில் உட்கார்ந்து ஃப்ளை கட்டினேன். பெரிய முள், மான் முடியை நெருக்கிச் சுற்றி, கத்திரியால் உருட்டி வெட்டி, செம்மஞ்சள் சாயம், நுனியில் தாராளமாகக் கறுப்பு. படத்தைப் பார்த்துத்தான் செய்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கவனித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

"இது காய்."

"என்னம்மா?"

"இவ்ளோ கறுப்பு இருந்தா அது காய்டா. காய் எங்கயாவது தானா உதிருமா? பழுத்தாத்தானே உதிரும்."

அம்மா பதினெட்டு வருஷம் உதிரிப் பழம் பொறுக்கியவர். செம்பனைக் குலையை ஆண்கள் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் வெட்டித் தள்ளுவார்கள். பழுத்த குலை விழும்போது தெறிக்கிற பழங்களையும், அதற்கு முன்பே மரத்தடியில் உதிர்ந்து கிடப்பவற்றையும் பெண்கள் பொறுக்கிச் சாக்கில் போடுவார்கள். உதிரிப் பழத்தில்தான் எண்ணெய் அதிகம், அதனால் ஒன்றைக்கூட விட்டுவிட்டுப் போக முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் விளக்கடியில் விரலில் ஏறிய முள்ளை ஊக்கால் எடுப்பார். அந்தக் கை இப்போது என் ஃப்ளையை உருட்டிப் பார்த்தது. "அடியில மஞ்சள் வேணும். காம்புல இருந்து பிச்சிக்கிட்ட இடம் வெளுப்பா இருக்கும். இந்தப் பக்கம் கொஞ்சம் சப்பை. உருண்டையா எந்தப் பழம் இருக்கு? குலையில ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டுல இருக்கும்." கத்திரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரவு பத்து மணிக்குள் ஏழு பழம் ஆனது. வெங்காயம் அப்படியே கிடந்தது.

ஏப்ரல், மே மழையில் ஆறு கலங்கிக் கிடக்கும், போய்ப் பிரயோசனமில்லை. எப்போது வரட்டும் என்று வழிகாட்டியிடம் கேட்டால் தேதி சொல்ல மாட்டார். ஆரா மரம் காலண்டர் பார்த்துப் பழுப்பதில்லை. ஒரு மரம் இந்த மாசம், பக்கத்து மரம் அதன் இஷ்டத்துக்கு. ஜூலை நடுவில் ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி வந்தது. ஆறு விநாடி. பின்னணியில் தண்ணீர்ச் சத்தம். "அனே, பழுத்தாச்சு. வா."

வெள்ளிக்கிழமை ராத்திரியே கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை காலை பசியாறக்கூட நிற்கவில்லை, நாசி லெமாக் பொட்டலத்தை ஹைலக்ஸில் வைத்தே தின்றோம். இந்தத் தடவை எட்டாம் நம்பர் நூல், கனமான ஃப்ளையைத் தூக்க அதுதான் சரி. மூன்றாவது மடுவில் ஒரு கிழட்டு ஆரா ஆற்றின் மேல் பாதி தூரம் சாய்ந்து நின்றது. மேலே இருவாச்சிப் பறவைகள் பழத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன. கீழே பழம் விழ விழ, பாக்கு உடைக்கிற மாதிரிச் சத்தம். பின்னால் கம்பை வீச இடமில்லை, முழுக்க மூங்கில். தண்ணீரிலேயே நூலைச் சுருட்டி முன்னால் உருட்டி எறியும் வீச்சுதான் வழி. முதல் இரண்டு வீச்சு குட்டை. மூன்றாவது நேராகக் கிளையில் போய் மாட்டி, ஆளுயரத்துக்கும் மேலே தொங்கியது. இழுத்ததில் நூல் அறுந்தது. அம்மா கட்டியதில் ஆக நல்லது அதுதான்.

"மெதுவா போடாதீங்க," என்றார் வழிகாட்டி. "பழம் மாதிரிப் போடுங்க."

இரண்டு வருஷப் பழக்கத்தை விடுவது கஷ்டம். அடுத்ததைக் கொஞ்சம் உயரத்தில் நிறுத்தி விழவிட்டேன். தொப். ஒரு சாண் அமிழ்ந்து, நீரோட்டத்தோடு மெல்லப் போனது. நான் இழுக்கவே இல்லை. பாறையின் நிழல் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று அசைந்தது. அவசரமே இல்லாமல், கடைக்குப் போகிற ஆள் மாதிரி வந்து, தடித்த உதட்டைத் திறந்து, மூடியது. நூல் நின்றது. வழிகாட்டி என் தோளில் அடித்தபோதுதான் கம்பைத் தூக்கினேன்.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி எனக்கு ஞாபகமில்லை. ரீல் கத்தியது. முழங்கால் பாறையில் இடித்து ரத்தம் வந்தது அப்புறம்தான் தெரிந்தது. கெலா மேலே குதிக்காது, கீழே போகும், பாறைக்குள் போகும். ட்ரவுட் காற்றில் காட்டியதை இது ஆழத்தில் காட்டியது. கடைசியில் ஓரத்துக்கு வந்தபோது மூன்று கிலோ இருக்கும் என்றார். செதில் ஒவ்வொன்றும் ஐம்பது காசு அளவு, விளிம்பில் பொன் பூசிய மாதிரி. தண்ணீரை விட்டுத் தூக்க அவர் விடவில்லை. வாய் ஓரத்தில் சிவப்பாக அம்மாவின் பழம். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் விரலால் தள்ளியதும் கழன்றது. அவர் மீனின் தலையை நீரோட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது, போய்விட்டது. கெலா மெதுவாக வளர்கிற மீன். இதே மடுவில் தன் அப்பா வலையில் எடுத்த கெலாவை இரண்டு பேர் தூக்கிப் போனார்களாம், இப்போது அந்த அளவு இல்லை என்றார். மேலே மரம் வெட்டினால் மண் இறங்கும், மடு தூர்ந்துபோகும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

வீட்டில் சொன்னபோது அம்மாவின் முதல் கேள்வி, "விட்டுட்டியா?" இரண்டாவது, "எந்தப் பழத்துல?"

நவம்பரில் மூன்றாம் முறை போனது மீனுக்காக இல்லை, போகவேண்டும் போலிருந்தது, போனேன். நாலு நாளாக மழை. ஹைலக்ஸ் பாதி வழிக்கு மேல் ஏறவில்லை. ஆறு தே தாரிக் நிறத்தில், மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போனது. கம்பைக் குழாயிலிருந்து எடுக்கவே இல்லை. வழிகாட்டி கோப்பியை டின் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். அம்மா கொடுத்தனுப்பிய பத்துப் பழத்தை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார், பழக்கதோஷம். பிறகு குவளையாலேயே அந்தக் கிழட்டு ஆராவைக் காட்டினார். ஜூலையில் நான் மாட்டிவிட்ட ஃப்ளை இன்னும் அதே கிளையில் இருந்தது. சாயம் போகவில்லை. அன்றைக்கு எட்டாத உயரத்தில் தொங்கியது, இப்போது ஒவ்வொரு அலைக்கும் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தது.