வெங்காயச் சருகு

1987ல் நாங்கள் பிளஸ் டூ. வெயில் ஏறினால் காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை நம் பள்ளி லேபுக்குள்ளேயே வரும், அன்றைக்கு அதோடு வெங்காய நெடியும். தாவரவியல் சார் கொத்தவால் சாவடியில் சிவப்பும் வெள்ளையுமாக வெங்காயம் வாங்கி, மஞ்சள் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

ஒரு சிவப்பு வெங்காயத்தின் சருகை உரித்து என் உள்ளங்கையில் வைத்து, "இது குப்பைன்னு நெனைக்கிறியா?" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் செப்புத் தகடு மாதிரி, நரம்பு நரம்பாக. அந்தச் சருகில் கேட்டகால், புரோட்டோகேட்டசூயிக் அமிலம் என்று இரண்டு பொருள் இருக்கிறது, ஈரம் பட்டால் கரைந்து வெளியே வரும், கறை நோய்ப் பூஞ்சையின் வித்து அதில் முளைக்க முடியாது, வெள்ளை வெங்காயத்துக்கு இந்தக் காவல் இல்லாததால்தான் அதன் மேல் கறுப்புப் பொட்டுகள் வளையம் வளையமாக விழுகின்றன என்று விளக்கினார். (எல்லாப் பூஞ்சைக்கும் இது செல்லாது. சிவப்பிலும் கரும்பூசணம் பிடிப்பதை நம் வீட்டுக் கூடையிலேயே பார்த்திருக்கிறோம்.)

இது முன்கூட்டியே எடுத்து வைத்த ஆயுதம். கிருமி வந்தபிறகு அவசரமாகத் தயாரிப்பதும் உண்டு, உருளைக்கிழங்கு அப்படிச் செய்கிறது என்று 1940லேயே முல்லர், போர்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்களாம்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது புகையிலைக் கதை. 1979ல் ரேமண்ட் ஒயிட் என்பவர் புகையிலை இலையில் ஆஸ்பிரினை ஊசி மூலம் ஏற்றிவிட்டு, பிறகு தேமல் வைரஸைத் தடவியிருக்கிறார், நோய்ப் புள்ளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. தலைவலி மாத்திரை செடிக்கு எதுக்கு சார் என்று கேட்டேன். "தெரியலப்பா. இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது" என்றார். ஒரு வாத்தியார் வாயிலிருந்து இப்படி ஒரு பதிலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அதற்காகவே நான் அந்தப் பாடத்தை விடவில்லை.

அப்புறம் கனடா வந்து, பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மாலை அந்தப் பதில் கையில் கிடைத்தது. 1990லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். வைரஸ் தாக்கிய புகையிலை தானே சாலிசிலிக் அமிலத்தைக் கூட்டிக்கொள்கிறது. உடம்பு முழுக்க எதிர்ப்பு கிளம்ப அது வேண்டியிருக்கிறது என்பது 1993ல் உறுதியானது. ஆஸ்பிரின் அதற்கு நெருங்கிய சொந்தம், அவ்வளவுதான்.

1996ல் ஊருக்கு வந்தபோது திருவொற்றியூரில் சார் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"வைரஸ் பட்ட இலையில மட்டுமா, மத்த இலையிலயும் ஏறுச்சா?"

"மத்ததுலயும் ஏறியிருக்கு சார்."

"உள்ள வா, உக்காந்து முழுசாச் சொல்லு" என்றார்.