குரூப் 4: ஒரு வட்டம் தள்ளிப்போன கதை

2024 அக்டோபர் 28 அன்று டிஎன்பிஎஸ்சி குரூப் 4, அதாவது தமிழக அரசில் எழுத்தர் போன்ற வேலைகளுக்கான தேர்வின் ரிசல்ட் பார்க்கும்போது பதிவெண்ணையே மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலாவது தடவைதான் ரேங்க் வந்தது. கம்யூனல் ரேங்கை, அதாவது என் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் எனக்கு வந்த ரேங்கைப் பார்த்ததும் வேலை கிடைத்துவிடும் என்று தெரிந்தது. அம்மா தோசைக்கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

2022 ஜூலை 24 தேர்வில் நான் கோட்டைவிட்டது படிக்காததால் இல்லை. தமிழில் 63ஆம் கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டினேன். 64க்கான விடையை விடைத்தாளில் 63க்கு நேரே உள்ள வட்டத்தில் கறுப்பாக்கிவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போனது. கவனித்தது 88ஆம் கேள்விக்கான விடையை நிரப்பிய பிறகு. பால்பாயின்ட் பேனா, அழிக்க முடியாது. 25 கேள்வி, தலா ஒன்றரை, ஆக 37.5 மார்க். குருட்டாம்போக்கில் ஒன்றிரண்டு சரியாகியிருக்கலாம். அப்புறம் கை நடுங்கியதில் கணக்கும் போனது.

அதனால் "தினமும் எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முதலில் ஓஎம்ஆர், அதாவது வட்டங்களைக் கறுப்பாக்கும் விடைத்தாளை நிரப்பப் பழகுங்கள்.

- ஜெராக்ஸ் கடையில் வெற்று ஓஎம்ஆர் 40 நகல் எடுங்கள். மாதிரித் தேர்வுக்கு நோட்டில் டிக் அடிக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள்.
- ஐந்தைந்தாக நிரப்புங்கள். ஒவ்வொரு ஐந்தாவதுக்கும் வினா எண்ணை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள்.
- தாண்டிய எண்களை வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் குறியுங்கள்.
- ஏ, பி, சி, டி-க்கு அடுத்து 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக இருக்கும் இ வட்டத்தைத் தொடவே வேண்டாம். தப்புக்கு மைனஸ் கிடையாது. எதையும் நிரப்பாமல் விட்டால்தான் கழிப்பார்கள்.

2024 ஜூன் 9 அன்று கடைசியில் மிச்சமிருந்த 11 கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு பி போட்டேன். கடைசி 15 நிமிடத்தில் ஏ எத்தனை, பி எத்தனை என்று விடைத்தாளில் எண்ணி எழுதும்போது இ-க்குப் பூஜ்யம். கூட்டினேன், மொத்தக் கேள்விகளான 200 சரியாக வந்தது. மறுபடியும் கூட்டினேன். பக்கத்து பெஞ்சுக்காரர் முறைத்தார்.

படிப்பு? சமச்சீர் தமிழ், ஆறு முதல் பத்து வரை. நான் செய்யுளைவிட, நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லும் 'நூல்வெளி' பெட்டிகளைத்தான் அதிகம் படித்தேன். பூங்கொடி முடியரசனுடையது, கொடிமுல்லை வாணிதாசனுடையது. இதை ஆறு மாதம் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிய பிறகுதான் சரியானது. கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நாலு பேர் சேர்ந்தால் கட்ஆஃப் பேச்சுதான். விடிகாலை நாலு மணி, தனியாக, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படித்தேன். வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். நீங்களும் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, தமிழ்வழிச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் வாங்கி வையுங்கள். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிலும் வாங்க வேண்டும். நான் படித்த ஒரு பள்ளியில் மூன்று நாள் அலையவிட்டார்கள். சீல் பீரோவுக்குள், பீரோ சாவி கிளார்க்கிடம், கிளார்க் லீவில். ஒருவழியாகப் பதிவேற்றி முடித்தேன்.