லைட் ட்ரீட்மென்ட்டும் பஸ் ஜன்னல் சீட்டும்

போன வாரம் அக்கா மக போன் பண்ணி, "சித்தி, பருவுக்கு லைட் வச்சு பண்றாங்களாமே, நீங்க பண்ணிக்கிட்டீங்கல்ல, நானும் பண்ணிக்கட்டுமா"ன்னு கேட்டா. அவகிட்ட சொன்னத இங்கயும் எழுதி வைக்கிறேன், ஏன்னா எனக்கு அப்ப யாரும் முழுசா சொல்லல.

26 வயசுல எனக்கு தாடை, ரெண்டு கன்னம் எல்லாம் கட்டி கட்டியா பரு. தலகாணில ஒருக்களிச்சு படுக்க முடியாது, அவ்ளோ வலி. க்ரீம், டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் எல்லாம் மாசக்கணக்கா பாத்தாச்சு, ஐசோட்ரெட்டினாயின்ங்கிற பரு மாத்திரை ஆரம்பிச்சு ரத்தத்துல கொழுப்பு ஏறுதுன்னு நிறுத்திட்டாங்க. அப்புறம்தான் கோயம்புத்தூர்ல ஒரு கிளினிக்ல ஃபோட்டோடைனமிக் தெரபி, சுருக்கமா பிடிடி பண்ணலாம்னாங்க.

மொதல்ல இருட்டு ரூம்ல ஊட்ஸ் லேம்ப்ங்கிற புற ஊதா விளக்கு அடிச்சு கண்ணாடியக் காட்டுனாங்க. மூக்கு மேலயும் தாடையிலயும் ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா மின்னுச்சு. பருவுக்குள்ள இருக்குற பாக்டீரியாவே போர்ஃபைரின்னு ஒண்ணு தயாரிக்குமாம், மின்னுறது அதுதான். அப்புறம் மூஞ்சியத் தொடச்சு அமினோலெவுலினிக் ஆசிட் தடவி, மேல பிளாஸ்டிக் ஷீட் சுத்தி ஒண்ணரை மணி நேரம் உக்கார வச்சாங்க. தோலுக்குள்ள போன அந்த மருந்தும் போர்ஃபைரினா மாறி எண்ணெய் சுரப்பியில அதிகமா சேந்துக்குது, ரத்தத்துக்கு செவப்பு குடுக்குற ஹீம் உருவாகுற வழியில வர்ற அதே பொருள்தான். இப்ப அதுமேல 630 நானோமீட்டர் கிட்ட இருக்குற செவப்பு லைட் பட்டா, பக்கத்துல இருக்குற ஆக்சிஜன் உக்கிரமாகி சுரப்பியையும் பாக்டீரியாவையும் தாக்குது. நீல லைட்டும் உண்டு, ஆனா செவப்புதான் தோல்ல ஆழமா எறங்கும்.

வலி? மொளகா அரைச்ச கையால மூஞ்சி பூரா தேச்ச மாதிரி. நர்ஸ் ஒரு கையால ஃபேன் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால என் கைய பிடிச்சுக்கிட்டாங்க, அத மறக்கவே மாட்டேன்.

ஆனா கெளம்பும்போது "சன்ஸ்க்ரீன் போட்டுட்டுப் போங்க"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. நானும் மறுநாள் காலைல நல்லா அப்பிக்கிட்டு உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறி இடது பக்க ஜன்னல் சீட்ல உக்காந்துட்டேன். பஸ் தெக்க போகுது, காலை வெயில் பூரா இடது கன்னத்துல. கிணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள எரிய ஆரம்பிச்சு, சாயங்காலம் கண்ணு வரைக்கும் வீங்கிடுச்சு. சாதாரண சன்ஸ்க்ரீன் தடுக்கிறது புற ஊதாக் கதிரத்தான், தோல்ல மிச்சம் இருக்குற இந்த மருந்தோ கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துக்கே வேலை செய்யும், கண்ணாடி வழியா வந்தாலும் விடாது. 48 மணி நேரம் வெளிய வெளிச்சத்துலயே போகக் கூடாதுங்கிறது அதனாலதான். 1900 வாக்குலயே ம்யூனிக்ல ஆஸ்கர் ராப்ங்கிற மாணவர் கண்டுபிடிச்சதே இதத்தான்: அக்ரிடின்ங்கிற சாயத்துல விட்ட பாரமீசியம்ங்கிற ஒத்தை செல் உயிரி ஒரு நாள் சீக்கிரம் சாகுது, ஒரு நாள் தாக்குப்பிடிக்குது, ஏன்னு பாத்தா அன்னைக்கு இருந்த வெளிச்சம்தான் வித்தியாசம்.

வலது கன்னம் பத்து நாள்ல உரிஞ்சு தெளிவாயிடுச்சு. இடது கன்னத்துல காப்பிக்கொட்டை கலர்ல ஒரு திட்டு விழுந்து, மங்க எட்டு மாசம் ஆச்சு. நம்ம மாதிரி மாநிறம், கறுப்புத் தோலுக்கு எந்தப் புண்ணு ஆறுனாலும் கருமை தங்கும், அதனால இந்த விஷயத்த டாக்டர்கிட்ட மொதல்லயே பேசியே ஆகணும். மூணு சிட்டிங் முடிச்சப்ப கட்டிப் பரு முக்காவாசி போயிடுச்சு, இப்பவும் எப்பயாவது ஒண்ணு ரெண்டு வரும். இன்னொண்ணு, அமெரிக்காவுல இந்த மருந்துக்கு 1999ல அனுமதி குடுத்தது வெயிலால தோல்ல வர்ற சொரசொரப்புத் திட்டுக்குத்தான், பருவுக்கு இல்ல, பருவுக்குப் போடுறது டாக்டரோட முடிவு. அதனால க்ரீம், மாத்திரை எதுவும் பாக்காம எடுத்த எடுப்புலயே இதுக்கு ஓடாதீங்க.

அக்கா மகளுக்கு மொதல்ல ரெட்டினாய்டு க்ரீம் (விட்டமின் ஏ வகை பரு மருந்து) ஒழுங்கா மூணு மாசம் போடச் சொல்லிருக்கேன். அப்பவும் கேக்கலன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி அப்பாயின்ட்மென்ட்டா வாங்கணும், இருட்டுனப்புறம் நானே போய் கூட்டிட்டு வந்துடுவேன், சனி ஞாயிறு நம்ம வீட்ல ஸ்க்ரீன் மூடுன பின்ரூம்லதான் இருப்பா.