பின்வரிசையில் நின்ற ஜோன் டீக்கன்

எங்கள் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். கிரிக்கெட் மட்சையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி மற்றவர்கள் நிச்சயம் எழுதுவார்கள். நான் எங்கள் விடுதிக்குக் கசெற் வழியாக வந்து சேர்ந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். இங்கிலாந்தின் குயீன் ரொக் இசைக்குழுவில் பேஸ், அதாவது அடிச்சுரக் கிற்றார் வாசித்தவர், ஜோன் டீக்கன்.

1981இல் வெளிவந்த அவர்களுடைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' கசெற்றை உயர்தர வகுப்பு அண்ணா ஒருவருக்கு லண்டனிலிருந்து மாமா அனுப்பியிருந்தார். விடுதியில் இருந்த சின்ன ரேப் ரெக்கோடரில் பாட்டுக் கேட்கும், அடிச்சுரம் கேட்காது. ரேடியோ திருத்துவதில் கெட்டிக்காரரான அந்த அண்ணா ஒரு பழைய தேயிலைப் பெட்டியை எடுத்து, பக்கவாட்டில் வட்டமாக வெட்டி, எங்கோ கிடந்த ஸ்பீக்கரை அதில் பூட்டி, வயரை இழுத்துவிட்டார். 'அனதர் வன் பைட்ஸ் த டஸ்ட்' தொடங்கியது, பலகைக் கட்டில் அதிர்ந்தது. "பாட்டுக்காரனைக் கேளாதையுங்கோடா, கீழே போறதைக் கேளுங்கோ" என்றார். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் மாதிரி இந்த ஆள், ஆனால் ஒத்து ஓரிடத்தில் நிற்கும், இது நடக்கும் என்று அவர் சொன்னதை விட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இங்கிலாந்து வந்த பிறகுதான் டீக்கனைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1951இல் லெஸ்ரரில் பிறந்தவர், பக்கத்து ஓட்பியில் வளர்ந்தவர். பதினொரு வயதில் தகப்பனை இழந்தார். பள்ளிக் காலத்திலேயே நண்பர்களுடன் ஒரு பாண்டில் கிற்றார் வாசித்து, பிறகு பேஸுக்கு மாறினார். லண்டன் செல்சீ கல்லூரியில் எலெக்ரோனிக்ஸ் படித்து 1971இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். அதே ஆண்டுதான் குயீனிலும் சேர்ந்தார். பாடகர் பிரெடி மேர்க்குரி, கிற்றார்காரர் பிரையன் மே, ட்ரம்ஸ்காரர் ரொஜர் ரெய்லர் மூவருக்கும் அதற்கு முன் வந்த பேஸ்காரர்கள் யாரும் நிலைக்கவில்லை. இவர் நாலு பேரிலும் இளையவர், அதிகம் பேசாதவர், ஆனால் வாசிப்பிலும் கருவிகளிலும் கை தேர்ந்தவர்.

எனக்கு மிகவும் பிடித்த கதை 1972இல் நடந்தது. வீதியோரக் குப்பைத் தொட்டியில் வயர்கள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சேர்க்கிற் போர்ட்டைக் கண்டு எடுத்துக்கொண்டு போனார். பழைய ரேடியோ ஒன்றின் உள்பகுதி அது. புத்தக அலுமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதைப் பொருத்தி, ஒன்பது வொல்ற் பற்றரியில் ஓடுகிற ஒரு அம்ப்ளிஃபயர் ஆக்கினார். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகி கூட அதில் இல்லை. பிரையன் மே தன் கிற்றாரை அதில் செருகியபோது வந்த ஒலி அவருக்கு அப்படிப் பிடித்துப்போய்விட்டது. 1975இல் வந்த 'குட் கம்பனி' பாட்டில் கிளாரினெற், ட்ரொம்போன் எல்லாம் வைத்த பழைய ஜாஸ் குழு வாசிக்கிற மாதிரிக் கேட்கும், ஆனால் அது முழுக்க கிற்றாரும் அந்தப் பெட்டியும்தான். 'டீக்கி அம்ப்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தேயிலைப் பெட்டி அண்ணா இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார், இதைப் படிப்பார். அண்ணை, நீங்கள் செய்ததும் அதே வேலைதான்.

குயீனின் பதிவுகளில் மற்ற மூவரும் பாடுவார்கள், டீக்கன் பாடுவதில்லை. ஆனால் பாட்டு எழுதினார். மற்றவர்களை விடக் குறைவாக எழுதினாலும் எழுதியதில் பல உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. 'அனதர் வன்' அவருடையது. அமெரிக்க டிஸ்கோ குழுவான சிக்கின் பேஸ்காரர் பேர்னார்ட் எட்வேர்ட்ஸ் வாசித்த 'குட் டைம்ஸ்' டீக்கன் காதில் இருந்ததை அந்தப் பேஸைக் கேட்டாலே தெரியும். அதில் பேஸ் மட்டுமல்ல, தாளக் கிற்றாரும் அவரே. ரெய்லருக்கு அந்தப் பாட்டில் அவ்வளவு விருப்பமில்லை. இதைத் தனி இசைத்தட்டாக விடுங்கள் என்று சொன்னவர் மைக்கல் ஜக்சன். 1980இல் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது.

'அண்டர் பிரெஷர்' பேஸ் இன்னும் எளிது. நமது கணக்கில் சொன்னால் ஷட்ஜத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு ஒருமுறை கீழே மந்திர பஞ்சமத்துக்கு இறங்குவது, வேறு சுரமே இல்லை. 1981இல் சுவிற்சர்லாந்தின் மொன்ரோ ஸ்ரூடியோவில் பாடகர் டேவிட் போவியும் கூட இருந்தபோது பிறந்தது. சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால் டீக்கனுக்கு அது மறந்துபோய்விட்டது, ரெய்லர்தான் நினைவுபடுத்தினாராம். இரண்டு சுரத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை அடையாளம் காட்ட எத்தனை பேரால் முடியும்?

ஒரு விஷயத்தில் எனக்கு அவர்களோடு மனத்தாங்கல் உண்டு. 1984 ஒக்ரோபரில், இன ஒதுக்கல் ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்குப் போய் சன் சிட்டியில் குயீன் வாசித்தது. போயிருக்கவே கூடாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அதையே நினைக்கிறேன். அதே ஆண்டில் வந்த டீக்கனின் 'ஐ வோன்ட் டு பிரேக் ஃபிரீ' அந்த நாட்டில் விடுதலை கேட்டவர்களின் வாயிலும் ஒலித்தது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த ஆண்டு ஜூலை 13, எதியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி. லண்டன் வெம்பிளி அரங்கில் குயீன் இருபது நிமிடம் போல வாசித்ததை ரீவியில் பார்த்தேன். எல்லாக் கண்ணும் மேர்க்குரியில் இருக்க, நான் பின்னால் ரெய்லரின் ட்ரம்ஸ் பக்கத்தில் நின்று காலை மெல்ல மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தவரையே பார்த்தேன்.

1991 நவம்பர் 24இல் மேர்க்குரி காலமானார். அடுத்த ஏப்ரலில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் டீக்கன் வாசித்தார். 1997 ஜனவரியில் பாரிசில் எல்டன் ஜோன் பாட ஒருமுறை மேடை ஏறினார். அந்த ஆண்டே ஒரு பாட்டுப் பதிவிலும் கலந்துகொண்டார், அதன்பின் ஒதுங்கிவிட்டார். 2001இல் ரொக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ரொக் அன்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேமில் குயீனைச் சேர்த்தபோதும் போகவில்லை. மேயும் ரெய்லரும் வேறு பாடகர்களுடன் பெரிய அரங்குகளில் தொடர்ந்தார்கள், அதில் பிழை இல்லை. ஆனால் பிரெடி இல்லாத குயீன் தனக்கு வேண்டாம் என்று நின்ற டீக்கனின் பக்கம்தான் என் மனம்.

நம் ஆண்டு விருந்தில் வாசிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் பேஸ் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் 1975இன் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்க வேண்டும். மனைவிக்காக டீக்கன் எழுதியது. மேர்க்குரிக்குப் பிடிக்காத எலெக்ரிக் பியானோவைத் தானே பழகி அதில் வாசித்தார், பேஸும் அவர்தான். முதல் தடவை பியானோவை மட்டும் கேளுங்கள், அடுத்த தடவை பேஸை மட்டும்.