லேப் நாட்குறிப்பு: 12 புது சிஸ்டம், ஒரு பழைய இமேஜ்

ஜூன் 10, 2024

கல்லூரி திறக்க இன்னும் ஒரு வாரம்தான். பழைய லேப் சிஸ்டத்திலிருந்து எடுத்து வைத்திருந்த விண்டோஸ் 10 இமேஜை (டிஸ்க்கின் முழு நகல்), வந்திறங்கிய 12 புது சிஸ்டங்களிலும் குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் ஏற்றினேன். ஏற்றும்போது ஒரு பிழையும் காட்டவில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் பன்னிரண்டிலும் நீலத்திரை: 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'.

டிஸ்க் போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கிளம்பும் நேரத்தில் விண்டோஸுக்குத் தன் டிஸ்க் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பழையதில் இருந்தது சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி. புதியது 12-ஆம் தலைமுறை இன்டெல், என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி, பயாஸில் (சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புகள்) விஎம்டி என்ற இன்டெல் டிஸ்க் கன்ட்ரோலர் ஆன். விஎம்டி ஆனில் இருந்தால் எஸ்எஸ்டி அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கன்ட்ரோலரோடு விண்டோஸ் பேச உதவும் டிரைவர் நம் இமேஜில் கிடையாது.

ஜூன் 11

ஒரு சிஸ்டத்தில் விஎம்டியை அணைத்தேன். அப்போதும் நீலத்திரை. ரெக்கவரி வழியாக, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் கிளம்பும் சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றியதும் கிளம்பிவிட்டது. அடுத்த முறை சாதாரணமாகவே வந்தது. என்விஎம்இ டிரைவர் இமேஜில் இருந்தும், பழைய சிஸ்டத்துக்குத் தேவைப்படாததால் பூட் நேரத்தில் ஏறாமல் கிடந்திருக்கிறது.

சரி, பன்னிரண்டுக்கும் இதையே செய்யலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளைக்கே பயாஸ் பேட்டரி தீர்ந்தால் விஎம்டி மறுபடி ஆனாகும், நீலத்திரையும் திரும்பி வரும். இமேஜைத்தான் திருத்த வேண்டும்.

நெட்வொர்க்கும் வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் ஈதர்நெட்டுக்கு மஞ்சள் குறி. ஹார்டுவேர் ஐடியைத் திறந்து பார்த்தேன்: வெண்டர் 10ஈசி, டிவைஸ் 8125. அதாவது ரியல்டெக்கின் 2.5 ஜிகாபிட் கார்டு. டிரைவர் தேடித் தரும் மென்பொருள் எதையும் நான் லேப் சிஸ்டத்தில் போட விடமாட்டேன். இந்த இரண்டு எண்கள் போதும், சரியான டிரைவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஜூன் 12

இமேஜ் எடுக்கும் மாஸ்டர் சிஸ்டத்தில் முதலில் சிஸ்ப்ரெப், ஜெனரலைஸ் தேர்வோடு; சிஸ்டத்தின் பெயர் போன்ற தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி இது. போன முறை இதை விட்டுவிட்டதால்தான் எல்லாச் சிஸ்டமும் ஒரே பெயரோடு நெட்வொர்க்கில் மோதின. சிஸ்ப்ரெப் முடிந்து சிஸ்டம் அணைந்ததும், விண்டோஸுக்குள் போகாமல் வின்பிஈ (பழுதுபார்க்க உதவும் சிறிய விண்டோஸ்) பென் டிரைவில் பூட் செய்து, விண்டோஸ் இமேஜைத் திருத்தும் டிஸ்ம் கட்டளையால் விஎம்டி, ரியல்டெக் டிரைவர்கள் இரண்டையும் சேர்த்தேன். இப்படி வெளியிலிருந்து சேர்த்தால்தான் டிஸ்க் டிரைவர் பூட்டுக்குத் தயாராக உட்காரும். அப்புறம் புது இமேஜ் எடுத்து, நேற்று அணைத்த விஎம்டியையும் ஆன் செய்துவிட்டு, பன்னிரண்டிலும் ஏற்றினேன்.

பதினொன்று கிளம்பின. மஞ்சள் குறி எங்கும் இல்லை. அவ்வளவு நிம்மதி.

ஜூன் 13

ஏழாம் நம்பர் மட்டும் அடம். ஒரு தடவை நீலத்திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' பிழை, அடுத்த தடவை வேறொரு பிழை. இமேஜைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை: இமேஜில் குறை என்றால் பன்னிரண்டும் ஒரே மாதிரி விழும், அதுவும் ஒரே இடத்தில். அதன் எஸ்எஸ்டியைக் கழற்றி எட்டாம் நம்பரில் மாட்டினேன்; ஒரு மணி நேரம் பிசகாமல் ஓடியது. ஏழில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டேன், முதல் சுற்றிலேயே பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியும், இடம் மாற்றியும் அதேதான்.

வாரண்டியில் புது ரேம் சனிக்கிழமை வருகிறது. அதுவரை ஏழாம் இடத்தில் 'பயன்படுத்த வேண்டாம்' என்று ஒட்டிவிட்டேன்.