அக்கா கல்யாண டிவிடியும் 4.7 ஜிபி கணக்கும்

அக்கா கல்யாண ஆல்பம் 2015 வெள்ளத்தில் ஊறிப்போனது. பரணில் கிடந்த டிவிடிதான் மிச்சம். அது இரட்டை அடுக்கு டிஸ்க், ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்காகப் பதிந்து, சாதாரண டிஸ்க்கைவிட அதிகம் கொள்வது. அப்பாவின் பழைய பிளேயர் சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில், அடுக்கு மாறும்போது, அப்படியே நின்றுவிடும். சாதாரண டிஸ்க்கில் சுருக்கிப் போட்டால் தீர்ந்தது, அரைமணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். நாலு நாள் போனது.

ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தது சுலபம். சுருக்குகிற மென்பொருளில்தான் வினை. எவ்வளவு சைஸ் வேண்டும் என்று கேட்டது, உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறதே என்று 4700 எம்பி கொடுத்தேன். பர்ன் செய்யப் போனால் இடம் போதாதாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கிய டிஸ்க்தான் மட்டம் என்று முடிவுகட்டி, பஸ் ஏறிப் பாண்டி போய், நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இப்பல்லாம் யார் சார் டிவிடி வாங்குறாங்க?" என்றபடி ஒருவர் தூசி தட்டி ஐந்து டிஸ்க் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டால் அதே பாட்டு. சரி, முட்டித் தள்ளிப் பார்ப்போம் என்று கொள்ளளவைத் தாண்டி எழுதும் ஓவர்பர்ன் போட்டதில் இரண்டு டிஸ்க் குப்பைக்குப் போனது.

அப்புறம்தான் உறைத்தது. டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸும் இந்த மென்பொருளும் 1024-ஆல் வகுக்கிற ஜாதி. அந்தக் கணக்கில் 4.7 ஜிபி என்பது 4.38தான், எம்பியில் சுமார் 4480. நான் 200 எம்பிக்கு மேல் கூடுதலாகத் திணித்திருக்கிறேன். 4450 கொடுங்கள், ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

இப்போது டிஸ்க்கில் அடங்கியது, ஆனால் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. படம் 55 சதவீதத்துக்கு நசுங்கியிருந்தது. காரணம் ஒலி! ஸ்டுடியோக்காரர் சுருக்காத பிசிஎம் ஒலியை வைத்திருந்தார், இரண்டு மணி நேரத்துக்கு அதுவே 1.38 ஜிபி. என் மென்பொருள் ஒலியைத் தொடாது, மொத்தச் சுமையும் படத்தின் தலையில் விழும். சுருக்கும் முன் ஒலி எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். வேறொரு கருவியில் அதை 192 கேபிபிஎஸ் ஏசி3 என்கிற சுருக்கிய ஒலியாக்கிப் படத்தோடு கோத்தேன், 175 எம்பிக்குள் அடங்கியது, படம் 75 சதவீதத்துக்கு ஏறியது. மெனு போய்விட்டது, யாரும் தேடவில்லை.

அக்காவுக்குப் பென்டிரைவில் ஐஎஸ்ஓ, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக்கிய நகல், போடும்போது இன்னொரு கூத்து. 16 ஜிபி காலியாக இருந்தும் ஏற மறுத்தது. பென்டிரைவ் இருந்த எஃப்ஏடி32 என்கிற ஃபார்மட்டில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றினால் போதும்.

அப்பா போட்டுப் பார்த்தார். தாலி கட்டும் இடம் நிற்காமல் ஓடியது. "நாயனச் சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார்.